மண்ணைத் தோண்டும் நாளின் காற்று

ஹைதராபாத்தின் கிழக்குப் பகுதியில், தார்நாக்காவையும் ஹப்சிகூடாவையும் தாண்டினால் நாச்சாரம் வரும். மருந்து, ரசாயனம், உலோக வேலை, பிளாஸ்டிக், உணவுப் பொருள் எனப் பலவகைத் தொழிற்கூடங்கள் நெருக்கியடித்து நிற்கும் தொழிற்பேட்டை அது. மதில்களை ஒட்டியே அடுக்குமாடி வீடுகள், பள்ளிகள், இ.எஸ்.ஐ. மருத்துவமனை. பேட்டை உருவான காலத்தில் ஊருக்கு வெளியே இருந்த இடத்தை இன்று ஊர் சூழ்ந்துகொண்டிருக்கிறது.

இத்தகைய பேட்டைகளை நகரத்தை விட்டு நகர்த்தும் பேச்சு புதிதல்ல. மாசு அதிகமுள்ள சிவப்பு, ஆரஞ்சு வகைத் தொழிற்சாலைகள் வெளிவட்டச் சாலைக்கு அப்பால் போக வேண்டும் என்று 2013-லேயே அரசாணை வந்தது. 2025 நவம்பரில் தெலங்கானா அரசு அடுத்த அடியை எடுத்து வைத்தது. ஹைதராபாத்தின் 22 தொழிற்பேட்டைகளில் உள்ள சுமார் 9,292 ஏக்கர் நிலத்தை வீடு, அலுவலகம், கடை போன்ற பலவகைப் பயன்பாட்டுக்கு மாற்றிக்கொள்ள வழிவிடும் கொள்கை அது. நாச்சாரமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கொள்கையைச் சுற்றி எழுந்த அரசியல் சண்டை பெரும்பாலும் நிலத்தின் விலையைப் பற்றியதாக இருந்தது. நிலத்துக்குள் இருப்பதைப் பற்றிய பேச்சு குறைவு.

எந்த மனையின் அடியில் என்ன இருக்கிறது என்பதை மண்ணெடுத்துச் சோதித்தால்தான் சொல்ல முடியும். பல மனைகள் சுத்தமாகவே இருக்கலாம். ஆனால் பல பத்தாண்டுகள் ரசாயனம் புழங்கிய இடங்களில் ஈயம், குரோமியம், ஆர்சனிக், கரைப்பான்கள் ஆகியவை தரையில் ஊறியிருக்க வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட மண் அசையாமல் கிடக்கும்வரை அதன் ஆபத்து பெரும்பாலும் நிலத்தடி நீர் வழியாகவே வரும். பொக்லைன் இறங்கி அதைக் கிளறும் நாளில் அதே நஞ்சுக்குக் காற்றிலும் வழி திறக்கிறது. ஊரைக் காப்பாற்றத் தொடங்கும் தூய்மைப் பணியே சில மாதங்களுக்கு ஊரின் மூச்சுக்குள் நஞ்சை அனுப்பிவிட முடியும். அந்த மாதங்களில் காற்றை யார், எங்கே, எதைக் கொண்டு அளக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கார்பி கொடுத்த விலை

அளக்காமல் தோண்டினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் கார்பி நகரம் சாட்சி. அங்கிருந்த பெரிய உருக்காலையில் எஃகு உற்பத்தி 1980-ஆம் ஆண்டு வாக்கில் நின்றது. கைவிடப்பட்ட நிலத்தை நகராட்சி மன்றம் வாங்கி, கழிவுகளை அகற்றிப் புதிய தொழில்களுக்குத் தயார்ப்படுத்தியது. வேலையிழந்த ஊருக்கு அது தேவையான வேலைதான். ஆனால் காட்மியம், குரோமியம் போன்றவை கலந்த சேறு, சரியாக மூடப்படாத லாரிகளில் ஊருக்குள்ளே சென்றது. சாலையில் சிந்திய சேறு காய்ந்து புழுதியானது.

அந்த ஆண்டுகளில் கார்பியில் கை, கால் விரல்கள் வளர்ச்சியடையாமல் குழந்தைகள் பிறந்ததாகத் தாய்மார்கள் கவனித்தார்கள். பதினெட்டுப் பேர் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. நகராட்சி மன்றம் கவனக்குறைவாக நடந்துகொண்டது என்று 2009 ஜூலையில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காற்றில் பரவிய நச்சுத் தூசி இப்படிப்பட்ட பாதிப்புகளை உண்டாக்கக்கூடியது என்பதையும் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு மன்றம் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. பத்து இருபது ஆண்டுகளுக்கு முந்தைய காற்றில் என்ன இருந்தது என்பதை ஆவணங்கள், சாட்சியங்கள், நிபுணர் கணிப்புகள் ஆகியவற்றைக் கொண்டே நீதிமன்றம் திரட்ட வேண்டியிருந்தது. பணி நடந்தபோதே வேலியோரத்தில் ஒழுங்கான அளவீடு இருந்திருந்தால் ஆபத்து அப்போதே தெரிந்திருக்கும்.

நம் மண்ணின் கணக்கு

நாச்சாரத்துக்குப் பக்கத்தில், உப்பல் சாலையில் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஹைதராபாத் தொழிற்பேட்டைகளின் மண்ணைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு அங்கிருந்து வந்ததே. பட்டான்செரு, காட்டேதான், பாலாநகர் பகுதிகளின் மண்ணில் கன உலோகங்கள் இயல்பைவிட மிகுந்திருப்பதை அதன் விஞ்ஞானிகள் பதிவு செய்திருக்கிறார்கள். காட்டேதான் அருகே உள்ள நூர் முகமது குண்டா என்ற ஏரி, உலக வங்கி உதவியுடன் 2010-இல் தொடங்கிய மாசுற்ற இடங்களின் மீட்புத் திட்டத்தில் மாதிரி இடங்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

போபால் யூனியன் கார்பைடு ஆலை வளாகத்தை நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தோடு (நீரி) சேர்ந்து ஆராய்ந்ததும் இதே நிறுவனம்தான். அங்கே சுமார் 11 லட்சம் டன் மண் மாசுபட்டிருப்பதாக 2010-இல் அந்த ஆய்வு மதிப்பிட்டது. 2025 ஜனவரியில் நாடே பார்க்க, பன்னிரண்டு கன்டெய்னர்களில் பீதம்பூருக்குக் கொண்டுபோகப்பட்டு, பின்னர் எரிக்கப்பட்ட கழிவு 337 டன். அது கிடங்கில் இருந்தது. மண் இன்னும் அங்கேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம் 1995-இல் மூடப்பட்டபோது விட்டுச்சென்ற குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். தோல் பதனிடும் ஆலைகளுக்கு வேண்டிய குரோமிய உப்புகளைத் தயாரித்த ஆலை அது. அந்தக் கழிவில் உள்ள அறுமதிப்பு குரோமியம் மழையில் கரைந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்குவது பலரும் அறிந்த செய்தி. அதே குரோமியத்தைத் தூசியாகச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பதும் மருத்துவ உலகில் உறுதியான உண்மை. ஆக, அந்தக் கழிவு மேட்டை அள்ளும் வேலையில் நீரைப் போலவே காற்றையும் காவல் காக்க வேண்டும்.

நிலையத்துக்கும் வேலிக்கும் இடையே

நாச்சாரத்தில் ஏற்கெனவே ஒரு காற்றுத் தர நிலையம் உண்டு. தொழிற்பேட்டை உள்ளாட்சி அலுவலகத்தின் பெயரில் இயங்கும் அந்தத் தானியங்கி நிலையத்தின் அளவுகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ஹைதராபாத்தின் பல பகுதிகளுக்குக் கிடைக்காத வசதி இது. ஆனாலும் ஒரு மனையைத் தோண்டும்போது இந்த நிலையத்தை நம்பி இருக்க முடியாது. காரணங்கள் மூன்று.

முதல் காரணம் தூரம். மண் தோண்டும்போது எழும் தூசியில் பெரும்பகுதி பருமனானது. சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். நிலையம் வேறு திசையில் இருந்தால் பக்கத்துத் தெருவை மூடும் புழுதிகூட அதன் கணக்கில் வராது. இரண்டாவது நேரம். பி.எம். 10 எனப்படும் பத்து மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்களுக்கு இந்தியத் தரநிலை, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். பொக்லைன் அரை மணி நேரம் கிளப்பும் புழுதி ஒரு நாள் சராசரியில் கரைந்து காணாமல் போகும். மூன்றாவது காரணமே மிகப் பெரியது. நிலையம் தூசியின் எடையைச் சொல்லும். அது வெறும் செம்மண்ணா, ஈயம் கலந்ததா என்று சொல்லாது.

அதனால்தான் தூய்மைப் பணி நடக்கும் இடத்தில் அளவீட்டை வேலிக்குக் கொண்டுவருகிறார்கள். காற்று வரும் பக்கம் ஒரு கருவி, காற்று போகும் பக்கம் குறைந்தது ஒன்று, இடையே காற்றின் திசையையும் வேகத்தையும் குறிக்கும் கம்பம். இரண்டு கருவிகளும் காட்டும் வித்தியாசமே அந்தப் பணி ஊருக்குச் சேர்க்கும் தூசி. சாலைப் புழுதியும் புகையும் ஏற்கெனவே மிகுந்த ஹைதராபாத் போன்ற நகரத்தில் இந்தக் கழித்தல் கணக்கு இல்லாவிட்டால், ஒப்பந்ததாரர் சாலையைக் கை காட்டுவார், அதிகாரியும் தலையாட்டிவிடுவார்.

கருவிகளிலும் இரண்டு இனம் உண்டு. ஒளிச்சிதறல் மூலம் அளக்கும் சிறு கருவி நொடிக்கு நொடி எண் காட்டும். கையில் தூக்கிச் செல்லலாம். ஆனால் ஈரப்பதம் மிகுந்தால் துகள்கள் ஊதிப்போய் எண்ணும் கூடும். அந்தந்த இடத்து மண்ணுக்கு ஏற்பத் திருத்தினால்தான் அது சரியான அளவைச் சொல்லும். இன்னொன்று வடிதாள் வைத்த மாதிரிக் கருவி. குறிப்பிட்ட அளவு காற்றை உறிஞ்சித் தூசியைத் தாளில் பிடிக்கும். தாளை ஆய்வகத்தில் எடைபோட்டு, அமிலத்தில் கரைத்து, உலோகம் உலோகமாகப் பிரித்துப் பார்ப்பார்கள். இது துல்லியம், ஆனால் முடிவு வர நாட்கள் ஆகும். முதல் இனம் அலாரம் அடிக்க. இரண்டாவது அந்த அலாரம் சரியான அளவில்தான் அடித்ததா என்று உறுதிசெய்ய. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டால் அளவீடு பாதியிலேயே நிற்கும்.

பொருளுக்கேற்ப முறையும் மாறும். அறுமதிப்பு குரோமியம் தாளிலேயே உருமாறிவிடக்கூடும் என்பதால் அதைப் பிடிக்கச் சோடியம் பைகார்பனேட் தடவிய வடிதாள் வேண்டும். குளிரில் வைத்து ஆய்வகம் சேர்க்க வேண்டும். கல்நார் இழைகளை எடையால் பிடிக்க முடியாது. நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். பாதரசமோ தாளில் நிற்பதே இல்லை, ஆவியாகப் போய்விடும்.

இந்தப் பாதரசம்தான் கொடைக்கானலின் கதை. இந்துஸ்தான் யூனிலிவரின் வெப்பமானி ஆலை 2001 மார்ச்சில் மூடப்பட்டது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, மூஞ்சிக்கல் பகுதிப் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்ததை ஊர் மக்களும் சூழல் அமைப்புகளும் வெளியே கொண்டுவந்தார்கள். 2003-இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போனது. மண்ணைத் தூய்மைப்படுத்தும் அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்று வகுக்கப்பட்டபோது, பாம்பாறு சோலைக்கு மேலே இருக்கும் சரிவுக்கு இது போதாது என்று நீண்ட வாதம் நடந்தது. மண்ணில் எவ்வளவு மிச்சம் விடலாம் என்ற அந்த வாதம் நியாயமானது. ஆனால் கழுவிச் சூடேற்றி மண்ணைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு நாளும் ஆவி எவ்வளவு வெளியேறுகிறது என்ற கேள்விக்கும் அதே அளவு கவனம் வேண்டும். சாதாரண வெயிலிலேயே ஆவியாகும் பொருள் அது.

வரம்புக்குள் இருந்தாலும் நஞ்சு

ஒரு எளிய கணக்கு இங்கே உதவும். ஒரு மனையின் மண்ணில் கிலோவுக்கு 10,000 மில்லிகிராம் ஈயம் இருப்பதாகக் கொள்வோம். அதாவது நூற்றில் ஒரு பங்கு. அங்கிருந்து எழும் தூசி கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஆனால், அதில் ஒரு மைக்ரோகிராம் ஈயம். இந்தியத் தரநிலையில் ஈயத்துக்கான 24 மணி நேர வரம்பும் அதுவே. தூசி வரம்பைத் தொடும்போது ஈயமும் வரம்பைத் தொடுகிறது.

ஆர்சனிக் என்றால் கணக்கு வேறு மாதிரி போகும். மண்ணில் கிலோவுக்கு 500 மில்லிகிராம் இருந்தால், அதே 100 மைக்ரோகிராம் தூசியில் 50 நானோகிராம் ஆர்சனிக். அதற்கான ஆண்டுச் சராசரி வரம்பு 6 நானோகிராம்தான். தூசி எண் 24 மணி நேர வரம்புக்குள் இருக்கும். ஆண்டு முழுவதும் பணி நீண்டால் ஆர்சனிக் தன் வரம்பைப் போல எட்டு மடங்காக இருக்கும். போதாததற்கு, உலோகங்கள் பெரும்பாலும் மண்ணின் மிக நுண்ணிய துகள்களிலேயே கூடுதலாக ஒட்டியிருக்கும். பறப்பதும் நுரையீரலுக்குள் இறங்குவதும் அந்தத் துகள்களே. எனவே உண்மை நிலை இந்தக் கணக்கைவிட மோசமாக இருக்கக்கூடும்.

இதிலிருந்து கிடைப்பது ஒரு வேலைமுறை. முதலில் மண்ணைச் சோதி. பிறகு அந்த மண்ணுக்கென்று தூசி வரம்பைக் கணக்கிடு. அதை வேலியோரக் கருவியில் அலாரமாக வை. எல்லா மனைக்கும் பொதுவான ஒரு எண் போதாது.

நிறுத்தும் அதிகாரம்

நியூயார்க் மாநிலத்தில் மாசுற்ற இடங்களுக்கான பொது விதியில் இது ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. காற்று வரும் பக்கத்தைவிடப் போகும் பக்கத்தில் பி.எம். 10 அளவு 15 நிமிடச் சராசரியில் 100 மைக்ரோகிராம் கூடினாலோ, தூசி வேலியைத் தாண்டுவது கண்ணுக்குத் தெரிந்தாலோ, உடனே தூசியை அடக்கும் வேலை தொடங்க வேண்டும். அதற்குப் பிறகும் அந்த வித்தியாசம் 150-ஐத் தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும். ஆவியாகும் கரைப்பான்களுக்குத் தனி எண் உண்டு. இந்த எண்கள் எல்லா நஞ்சுக்கும் போதுமானவை அல்ல. மேலே சொன்ன ஆர்சனிக் மண்ணுக்கு இவை தாராளம். ஆனால் இதன் அமைப்பு நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது. 24 மணி நேரத்துக்குப் பதில் 15 நிமிடம். ஒவ்வொரு படிக்கும் ஒரு செயல். கடைசிப் படி வேலை நிறுத்தம்.

ராணிப்பேட்டைக்கு மிக நெருங்கிய உதாரணம் நியூஜெர்சியின் ஜெர்சி நகரம். அங்கும் குரோமேட் ஆலைகளின் கழிவைப் பள்ளம் நிரப்பும் மண்ணாக நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கொட்டியிருந்தார்கள். கார்ஃபீல்ட் அவென்யூவில் இருந்த பழைய ஆலை நிலத்தை, 2009-இல் நீதிமன்றத்தில் எட்டிய உடன்பாட்டின்படி பி.பி.ஜி. நிறுவனம் தோண்டி அகற்றியது. வீடுகள் சூழ்ந்த இடம் என்பதால் வேலியைச் சுற்றித் தூசியும் அறுமதிப்பு குரோமியமும் அளக்கப்பட்டன. முடிவுகளைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிட்டார்கள். முடிவு தன் கண்முன் இருந்தால் குடியிருப்பவர் வதந்தியை நம்ப வேண்டியதில்லை.

நம் விதிகளின் இடைவெளி

2009-இல் வந்த இந்தியக் காற்றுத் தரநிலைகளில் பன்னிரண்டு பொருள்கள் உள்ளன. ஈயம், ஆர்சனிக், நிக்கல் உண்டு. குரோமியமும் பாதரசமும் இல்லை. ராணிப்பேட்டைக்கும் கொடைக்கானலுக்கும் மிக வேண்டிய இரண்டும் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன.

2018 ஜனவரியில் கட்டுமானத் தூசிக்கென மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. நீர் தெளிக்க வேண்டும், மண்ணையும் இடிபாட்டையும் மூட வேண்டும், காற்றுத் தடுப்பு கட்ட வேண்டும் என்று அவை சொல்கின்றன. நல்ல விதிகள். ஆனால் எல்லாத் தூசியையும் சாதாரணப் புழுதியாகவே பார்க்கின்றன.

மாசுற்ற இடங்களை நிர்வகிக்கும் தனி விதிகள் 2025 ஜூலையில்தான் வந்தன. நாட்டில் அப்போது அடையாளம் காணப்பட்டிருந்தவை 103 இடங்கள். மீட்புப் பணி தொடங்கியிருந்தவை 7 மட்டுமே. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் அரையாண்டுக்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டும், மாநில வாரியம் 90 நாட்களில் முதற்கட்டமாக ஆராய வேண்டும், மாசுபடுத்தியவர் செலவை ஏற்க வேண்டும் என்று தெளிவான படிகள் வகுக்கப்பட்டுள்ளன. பெரிய முன்னேற்றம் இது. ஆனால் விதிகளின் பார்வை மண்ணிலும் நீரிலும்தான் நிலைத்திருக்கிறது. வேலியோரத் தூசிக்கான எண்ணும், அதை மீறினால் வேலையை நிறுத்துபவர் யார் என்பதும் ஒவ்வொரு இடத்தின் பணித் திட்டத்திலும் டெண்டரிலும் எழுதப்பட்டால்தான் உயிர்பெறும்.

தொழிற்பேட்டை நிலங்களில் இன்னொரு சிக்கல். மாசுற்ற இடம் என்று அறிவிக்கப்பட்டால்தான் இந்தப் படிகள் தொடங்கும். அறிவிப்பே இல்லாமல் ஆலையை இடித்து அடித்தளம் தோண்டினால், அது சட்டத்தின் கண்ணுக்கு வெறும் கட்டுமானம். இடிபாடு ஃபதுல்லாகூடாவில் உள்ள கட்டடக் கழிவு ஆலைக்குப் போய், அரைபட்டு, வேறொரு சாலைக்குக் கல்லாகிவிடும். நிலப் பயன்பாட்டை மாற்றும் அனுமதிக்கே மண் சோதனையை முன்நிபந்தனை ஆக்கினால் இந்த ஓட்டை அடைபடும்.

வேலிக்குள் வாழ்பவர்கள்

மேலைநாட்டு விதிகள் ஊரை வேலிக்கு வெளியே இருப்பதாகவே எண்ணிக்கொள்கின்றன. நம் கட்டுமான இடங்களில் அப்படி இல்லை. ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வரும் தொழிலாளர் குடும்பங்கள் பணியிடத்திலேயே தகரக் கொட்டகையில் தங்குகின்றன. குழந்தைகள் அதே மண்ணில் விளையாடுகிறார்கள். அங்கேயே சமையல், அங்கேயே தூக்கம். மாசுற்ற மனையில் முதல் விதி, யாரும் உள்ளே குடியிருக்கக் கூடாது என்பதாக இருக்க வேண்டும்.

வேலை செய்பவரின் மூச்சை வேலியோரக் கருவி அளக்காது. அதற்கு இடுப்பில் சிறு பம்பும் சட்டைக் காலரில் வடிதாளும் மாட்டும் தனியாள் கருவி உண்டு. ஈயம் என்றால் இரத்தப் பரிசோதனை, பாதரசம் என்றால் சிறுநீர்ப் பரிசோதனை, பணி தொடங்கும் முன்பும் இடையிடையேயும் செய்ய வேண்டும். முகத்தில் சுற்றிய துண்டு நுண்துகளைத் தடுக்காது. உடையில் ஒட்டிய தூசி வீட்டுக்குப் போகாமலிருக்க, உடை மாற்றவும் குளிக்கவும் அங்கேயே இடம் வேண்டும்.

லாரியையும் மறக்கக் கூடாது. ஹைதராபாத்தின் அபாயகரக் கழிவுக் கிடங்கு நகரின் வடமேற்கில், துண்டிகல்லில் இருக்கிறது. நாச்சாரத்திலிருந்து அங்கே போகும் ஒவ்வொரு லாரியும் மக்கள் நெரிசலைத் தாண்டியே போகும். கார்பியில் நடந்தது லாரியில்தான். தார்ப்பாய் மூடிய வண்டி, வாசலில் சக்கரம் கழுவும் தொட்டி, வழியோரத்தில் படிந்த தூசியின் மாதிரி ஆகிய மூன்றும் அளவீட்டுத் திட்டத்துக்குள் வர வேண்டும். நீர் தெளிப்பிலும் அளவு வேண்டும். அதிகம் தெளித்தால் காற்றில் போகவிருந்த நஞ்சு நிலத்தடிக்குள் இறங்கும்.

இத்தனைக்கும் ஆகும் செலவு, நிலத்தின் மதிப்போடு ஒப்பிட்டால் சிறியது. அதை ஒப்பந்ததாரரின் விருப்பத்துக்கு விடாமல் டெண்டரில் தனி இனமாக எழுத வேண்டும். அளப்பவர் தோண்டுபவரிடம் சம்பளம் வாங்குபவராக இருக்கக் கூடாது. அன்றன்றைய எண்கள் வாசலில் தெலுங்கிலும் உருதுவிலும் இந்தியிலும் எழுதப்பட வேண்டும்.

முதல் வேலையைத் தோண்டும் முன்பே தொடங்கியாக வேண்டும். ஹைதராபாத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும், குளிர்காலத்தில் கிழக்கிலிருந்து. ஒரே மனையின் தூசி இரண்டு பருவத்தில் இரண்டு வேறு தெருக்களுக்குப் போகும். அதனால் வழக்கமான தூசி எவ்வளவு என்ற அடிப்படை அளவீட்டுக்கு ஓராண்டு வேண்டும். நில மாற்றத்துக்கான விண்ணப்பம் வரும் நாளிலேயே மனையின் நான்கு மூலைகளிலும் கருவிகளை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது. நாச்சாரத்தில் அதைப் பயன்படுத்துவதற்கான காலம் இதுவே.